இலவச கிளினிக்கில் தொண்டு செய்ய: வேலூர்ப் பக்கத்திலிருந்து அமெரிக்கா வருபவர்களுக்கு

காப்பீடு இல்லாதவர்களுக்காக அமெரிக்காவில் நடக்கும் இலவச கிளினிக்குகள் பல, சர்ச்சின் கீழ்த்தளத்திலோ பழைய கடைக் கட்டடத்திலோ, வாரத்தில் ஓரிரு சாயங்காலம் மட்டும் திறப்பவை. டாக்டர், நர்ஸ், மருந்தாளர் என்று முக்கால்வாசிப் பேர் சம்பளம் இல்லாமல் வருகிறவர்கள். இங்கே எப்போதும் தட்டுப்பாடாக இருப்பது மொழிபெயர்க்க ஆள். வேலூர், ஆம்பூர், மேல்விஷாரம், குடியாத்தம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அது சும்மா கிடைத்த சொத்து: வீட்டில் தமிழ், கடைத்தெருவில் உருது, சித்தூர் பஸ்ஸில் தெலுங்கு. விண்ணப்பத்தில் மொழி என்ற கட்டத்தில் "தமிழ்" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். பேசத் தெரியும், படிக்கத் தெரியாது என்றாலும் அப்படியே எழுதுங்கள். ஹைதராபாத்காரருக்கும் பாகிஸ்தான்காரருக்கும் உங்கள் உருது போதும்.

ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: தடுப்பூசிக் காகிதம். நோயாளிகள் பக்கம் விடுவதற்கு முன் கிளினிக்குகள் பொதுவாக அதைத்தான் கேட்கும். ரத்தத்தோடு புழங்கும் வேலைக்கு ஹெபடைடிஸ் பி பொதுவாக மூன்று டோஸ் வேண்டும். முதல் ஊசிக்குப் பின் ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. இங்கே வந்து ஆரம்பித்தால் அரை வருடம் போய்விடும். நம்மூரில் போடும் டி.டி. ஊசியில் கக்குவான் இருமலுக்கான மருந்து இருக்காது, இங்கே கேட்பது அது சேர்ந்த டிடாப். பெரியவர்கள் பலருக்குச் சின்ன வயதில் தட்டம்மை ஊசி மட்டும்தான் போட்டிருப்பார்கள். புட்டாளம்மையும் ருபெல்லாவும் சேர்ந்த எம்.எம்.ஆர். இரண்டு டோஸ் கேட்பார்கள், இடையே 28 நாள் வேண்டும். எந்தத் தேதியில் எந்த ஊசி என்று ஆங்கிலத்தில், கையெழுத்தும் முத்திரையுமாக வாங்கிக்கொள்ளுங்கள். தேதியில் மாதத்தை எழுத்தில் போடச் சொல்லுங்கள். 04/07 என்பது நமக்கு ஜூலை 4, இவர்களுக்கு ஏப்ரல் 7.

காசநோய்ப் பரிசோதனையில்தான் பலர் மாட்டுகிறார்கள். கையில் தோலுக்கடியில் போடும் மாண்டூ ஊசியை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் போய்க் காட்ட வேண்டும். வியாழக்கிழமை போட்டுக்கொண்டால் காட்டும் நாள் வார விடுமுறையில் விழும். அதைவிடப் பெரிய சங்கடம், இடது தோளில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு இருக்கிறவர்களுக்கு அந்த ஊசி நோய் இல்லாமலே வீங்கிக் காட்டலாம். பிறகு எக்ஸ்ரே, கடிதம், அலைச்சல். முதலிலேயே "எனக்கு பி.சி.ஜி. போட்டிருக்கு, ரத்தப் பரிசோதனையாக எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். குவான்டிஃபெரான் போன்ற அந்தப் பரிசோதனையை பி.சி.ஜி. குழப்பாது, ஒரே நடையில் முடியும்.

விசா விஷயம். வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் வேலை அனுமதி இல்லாமல் இருப்பவரும் எஃப்-1 மாணவரும், லாப நோக்கமில்லாத அமைப்பில் உண்மையான தொண்டு செய்யலாம். ஆனால் வழக்கமாகச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் இடத்தில் நீங்கள் காசு வாங்காமல் உட்கார்ந்தாலும் அதை வேலை என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. பெட்ரோல் காசு, பரிசு அட்டை எதுவும் வாங்காதீர்கள். மாணவர்கள் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலாகவே வாங்கி வைப்பது நல்லது.

நம்மூரில் நர்ஸாகவோ டாக்டராகவோ இருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மாநில உரிமம் கைக்கு வரும் வரை இங்கே நீங்கள் நர்ஸ் இல்லை, டாக்டரும் இல்லை. ஊசி போடுவது, மருந்து சொல்வது, "இது ஒண்ணும் இல்லம்மா, கேஸ் டிரபிள்தான்" என்று ஆறுதல் சொல்வதுகூட ஆகாது. வேலூரில் வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்த வெளியூர்க்காரர் லாட்ஜ் வாசலில் ஃபைலை நீட்டினால் எந்த ஓ.பி., எந்த மாடி, எந்த மாத்திரை என்று சொல்லியே பழகிய வாய் நமக்கு.

கிளினிக்கில் உங்களுக்குக் கொடுக்கும் வேலைகளில் பி.பி. பார்ப்பது ஒன்று, உரிமம் இல்லாதவர்களுக்கும் சில கிளினிக்குகள் பயிற்சி கொடுத்து விடுகின்றன. வந்தவரை ஐந்து நிமிடம் சும்மா உட்காரவையுங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் மேல் கால் கூடாது, கை நெஞ்சு உயரத்தில் மேசை மேல். பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றாதீர்கள். பருமனான கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத பி.பி. ஏறிக் காட்டும். எடுக்கும்போது பேச்சுக் கொடுத்தாலும் ஏறும், இதில் தப்பு செய்வது பெரும்பாலும் நாம்தான். எடையைப் பவுண்டில் எழுதுகிறார்களா கிலோவிலா என்று முதல் நாளே கேளுங்கள். 1 கிலோ 2.2 பவுண்டு.

இனி மொழிபெயர்ப்பு. நோயாளிக்குப் பக்கத்தில், அரையடி பின்னால் உட்காருங்கள். டாக்டரும் நோயாளியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும், உங்களை அல்ல. "அவருக்கு வலிக்குதாம்" என்று சொல்லாமல், அவர் சொன்னபடியே "எனக்கு வலிக்கிறது" என்று தன்மையிலேயே சொல்லுங்கள். இரண்டு வாக்கியத்துக்கு மேல் போனால் கையைத் தூக்கி நிறுத்துங்கள். நோயாளி டாக்டரைத் திட்டினால் அதையும் சொல்லத்தான் வேண்டும். மகனோ மருமகளோ கூட வந்து தாங்களே பேச முயல்வார்கள்; வெள்ளைப்படுதல், மாதவிடாய் பற்றி மகன் வழியாக எந்த அம்மாவும் வாய் திறக்க மாட்டார். "கொஞ்சம் வெளியே இருங்க தம்பி" என்று சொல்லும்படி நர்ஸைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வார்த்தைகள்தான் வழுக்கும் இடம். "மயக்கம்" என்றால் நினைவு தப்பி விழுந்தாரா, தலை சுற்றியதா? கேட்காமல் மாற்றினால் பரிசோதனையே வேறு பக்கம் போய்விடும். "இழுப்பு" மூச்சிழுப்பாகவும் இருக்கலாம், வலிப்பாகவும் இருக்கலாம். "சூடு பிடிச்சிக்கிச்சு" என்பதைக் காய்ச்சலாக்கிவிடாதீர்கள், பல சமயம் அது சிறுநீர்க் கடுப்பு. "நெஞ்சு கரிக்குது", "நெஞ்சு அடைக்குது" இரண்டும் வேறு; இரண்டாவதை வரவேற்பறையில் கேட்டால்கூட வரிசையை விட்டு எழுந்து நர்ஸிடம் ஓடுங்கள். ஈழத் தமிழர் வந்தால் அவர்கள் சொல் வேறு: தலையிடி தலைவலி, தடிமன் ஜலதோஷம், சத்தி வாந்தி, சலரோகம் சர்க்கரை. தெரியாத சொல் வந்தால் தலையாட்டாமல், "அப்படின்னா எப்படி இருக்குங்க?" என்று கேட்டு, நீங்கள் அப்படிக் கேட்டதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மருந்துப் பெயர் இன்னொரு தொல்லை. நம் பாராசிட்டமால் இங்கே அசிட்டமினோஃபென், சால்ப்யூட்டமால் இங்கே ஆல்ப்யூட்டரால், கிளைபென்கிளமைடு இங்கே கிளைபுரைடு. ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரே சர்க்கரை மாத்திரைக்குள் இரண்டு மருந்து இருக்கலாம். அதனால் அட்டையையே கொண்டுவரச் சொல்லுங்கள். கடைசியில் நோயாளியையே திரும்பச் சொல்லவையுங்கள்: "காலைல எத்தனை, ராத்திரி எத்தனை?" லேபிளை நம்பி விட முடியாது, ஒரு நாளைக்கு ஒருமுறை என்பதற்கு ஆங்கிலத்தில் அச்சடிக்கும் 'ஒன்ஸ்' என்ற அதே எழுத்துகளை ஸ்பானிய மொழி பேசும் நோயாளி பதினொன்று என்று படித்துவிடலாம். வெறும் வயிறு என்றால் காபியும் கூடாது என்பதை நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்லுங்கள். "காபி மட்டும்தான் குடிச்சேன்" என்று வருகிறவர் இல்லாத நாளே இருக்காது.

வரவேற்பு மேசையில் வருமானச் சான்று, முகவரிச் சான்று வாங்குவீர்கள்; பல கிளினிக்குகளில் வரம்பு மத்திய அரசின் வறுமைக் கோட்டைப் போல இரண்டு மடங்கு. கையில் காசு வாங்கி உணவகத்தில் வேலை செய்கிறவரிடம் சம்பளச் சீட்டு இருக்காது. முதலாளியின் கடிதமோ அவரே எழுதித் தரும் வாக்குமூலமோ செல்லுமா என்று ஒருங்கிணைப்பாளரைக் கேளுங்கள், நீங்களே திருப்பி அனுப்பாதீர்கள். குடியேற்ற நிலையைப் படிவம் கேட்காவிட்டால் நீங்களும் கேட்காதீர்கள், அவர் சொன்னாலும் குறித்துவைக்காதீர்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை இங்கே அழைத்து வரலாமா என்று பலர் கேட்கிறார்கள். குடும்ப வருமானத்தைப் பார்ப்பதால் ஐ.டி. வேலைக்காரர் வீட்டுக்குப் பெரும்பாலும் இடம் கிடைக்காது; மூன்று மாத மருந்தும் சீட்டும் கொண்டுவருவதே வழி.

கிளினிக்கால் முடியாத அவசரத்துக்கு 911 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். பணம் இல்லை என்று அவசரப் பிரிவு பரிசோதிக்காமல் திருப்ப முடியாது, 1986-இல் வந்த சட்டம் அது. ஆனால் பில் வரும். லாப நோக்கமில்லாத மருத்துவமனை என்றால் நிதியுதவி விண்ணப்பம் உண்டு, முதல் பில் வந்ததிலிருந்து 240 நாள் வரை கொடுக்கலாம். பயந்துபோய் கிரெடிட் கார்டில் கட்டிய பிறகு கேட்பவர்களே அதிகம்.

தமிழ்ச் சங்கத்தில் பார்த்த முகம் ஒருநாள் எதிரே உட்காரும். முதலில் நீங்கள் வணக்கம் சொல்லாதீர்கள், அவர் சொன்னால் சொல்லுங்கள். "வேற ஆள் மொழிபெயர்க்கணுமா?" என்று கேளுங்கள், தொலைபேசி வழி மொழிபெயர்ப்பாளர் சில இடங்களில் உண்டு. நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் ஹிப்பா சட்டப்படி, அவர் வந்தார் என்பதையே வெளியில் சொல்லக் கூடாது. வீட்டுக்காரரிடமும் கூடாது, பெயர் சொல்லாமல் வாட்ஸாப் குழுவில் போடுவதும் கூடாது. ஆற்காட்டுக்காரர், சர்க்கரை, கால் புண் என்றாலே யாரென்று தெரிந்துவிடும் அளவுக்குத்தான் நம் கூட்டம்.

ஊருக்கு லீவில் போவதாக இருந்தால் டிக்கெட் போட்ட அன்றே சொல்லிவிடுங்கள். நீங்கள் வருவீர்கள் என்று நம்பித்தான் அந்த நாளுக்குத் தமிழ், உருது நோயாளிகளைப் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் வருகைப் பதிவில் மணியைக் குறித்துக் கையெழுத்துப் போடுங்கள். நன்கொடை கேட்கும் விண்ணப்பங்களில் கிளினிக் காட்டும் கணக்கு அந்த மணிநேரம்தான்.