எலிக்காய்ச்சல் கண்காணிப்பு: குமரி மாவட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளும் கிடைக்கின்றன. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா பாக்டீரியா ஈரமண்ணிலும் நன்னீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. ஆகவே, ஐப்பசி மழையில் மட்டும் இரத்தம், சிறுநீர், நீர் ஆகியவற்றின் மாதிரி எடுத்துவிட்டு ஆனி, ஆடி மாதங்களை விட்டுவிடுவது இந்த மாவட்டத்துக்குப் பொருந்தாது.

எலியை மட்டும் குற்றவாளியாகப் பார்ப்பது பரவலான தவறு. மாடு, பன்றி, நாய் ஆகியவையும் இக்கிருமியைச் சிறுநீரகத்தில் தாங்கி, நோயின் அறிகுறி எதுவும் தெரியாமலே மாதக்கணக்கில் சிறுநீரில் வெளியேற்றக்கூடும். பசு கன்று வீசியது (கருச்சிதைவு), பால் திடீரெனக் குறைந்தது, பாலில் இரத்தம் கலந்து வந்தது போன்றவற்றைத் தொடர்பில்லாத தனித்தனி நிகழ்வுகளாக நினைத்துப் பதிவு செய்யாமல் விட்டால், ஓர் ஊரில் நோய் நடமாடுவது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

மிகப் பெரிய பிழை, ஒரே ஓர் இரத்தப் பரிசோதனையைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதுதான். வழக்கமாகச் செய்யப்படும் எம்.ஏ.டி. (நுண்ணோக்கித் திரட்டல்) பரிசோதனை அளப்பது, கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை; கிருமியை அல்ல. மாடுகளில் நிலைபெற்றுவிடும் ஹார்ட்ஜோ என்ற லெப்டோஸ்பைரா வகையைச் சுமக்கும் பசுவின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம். தடுப்பூசி போட்ட மாடோ, நோயில்லாமலே எதிர்ப்பொருளைக் காட்டலாம். மந்தையில் குறைந்தது 10 மாடுகள் அல்லது 10 சதவீதம், இவற்றுள் எது அதிகமோ அத்தனையைச் சோதிக்க வேண்டும் என்கிறது உலக விலங்குநல அமைப்பின் வழிகாட்டல். வீட்டுக்கு ஒன்றிரண்டு பசு வளர்க்கும் ஊர்களில் ஒரே குளத்தில் நீர் குடிக்கும் பசுக்கள் அனைத்தையும் சேர்த்து ஒரு மந்தையாகக் கொள்வதே பொருத்தம் என்பது என் கருத்து.

சிறுநீர் மாதிரியில் தவறுகள் இன்னும் நுட்பமானவை. கிருமி விட்டுவிட்டே வெளியேறுவதால், ஒருமுறை காணப்படாதது இல்லை என்பதற்குச் சான்றாகாது. தொழுவத்துத் தரையில் தேங்கியதை அள்ளாமல், மாடு சிறுநீர் கழிக்கும்போதே தூய கலத்தில் நடுத்தாரையைப் பிடிக்க வேண்டும். கிருமியை வளர்த்துப் பார்ப்பதாயின், ஓரிரு மணி நேரத்துக்குள் வளர்ப்பு ஊடகத்தில் சேர்த்துவிட வேண்டும்; உறையவைக்கக் கூடாது. நாகர்கோவிலிலிருந்து தொலைதூர ஆய்வகத்துக்கு அனுப்புவோர், கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்கா வளர்ப்புக்கா என்பதை முன்கூட்டியே தீர்மானிக்காமல் பெட்டியில் பனிக்கட்டி போட்டு அனுப்புவது வீண்வேலை.

நீரைப் பொறுத்தவரை, குடிநீரில் மலக்கலப்பை அறியச் செய்யும் கோலிஃபார்ம் சோதனை லெப்டோஸ்பைராவைக் காட்டாது. மேலும், நோய் தராத லெப்டோஸ்பைரா இனங்கள் குளங்களில் இயல்பாகவே வாழ்வதால், நோய் தரும் இனங்களுக்கே உரிய மரபணுவைத் தேடும் சோதனையைக் கேட்டுப் பெற வேண்டும். குளத்தின் நடுவில் தெளிந்த நீரை மொள்வதைவிட, மாடு குளிப்பாட்டும் படித்துறையிலும் தொழுவக் கழிவு கலக்கும் வாய்க்கால் முகப்பிலும் எடுப்பது பயன் தரும். உவர்நீரில் இக்கிருமி நெடுநாள் தாங்காது. ஆகவே, உவர்நீர் கொண்ட மணக்குடி காயலில் செலவிடும் உழைப்பைத் தோவாளை வட்டாரத்து வயல்வாய்க்கால்களில் செலவிடலாம்.

மாதிரி எடுப்பவர் காலில் வெட்டுக்காயத்தோடு வெறுங்காலாய் இறங்குவதும் அடிக்கடி காணும் அலட்சியம். சுகாதாரத் துறையின் காய்ச்சல் பதிவேடும் கால்நடை மருந்தகத்தின் பதிவேடும் வெவ்வேறு மேசைகளில் கிடந்தால், நோயாளி எந்தக் குளத்தில் குளித்தார், யாருடைய தொழுவத்தில் வேலை செய்தார் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. அடுத்த மாதிரியை எங்கே எடுப்பது என்பதை அந்தக் கேள்விதான் முடிவு செய்ய வேண்டும்.