"சேரும் தேதி பின்னர் அறிவிக்கப்படும்": நிலையில்லாத காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் வேலைவாய்ப்புப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். ஜூன் பிறந்தால் போதும், என் மேசைக்கு எதிரே ஒரே மாதிரியான முகங்கள் வந்து உட்காரும். கையில் ஆஃபர் லெட்டர். அதில் சம்பளம் இருக்கும், ஊர் இருக்கும், தேதி மட்டும் இருக்காது. "சேரும் தேதி பின்னர் அறிவிக்கப்படும்" என்று ஒரு வரி இருக்கும். இனி என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டால், "காத்திருக்கிறேன் சார்" என்பார்கள், ஏதோ வேலை பார்ப்பதைப் போல. 2009-இல் கேட்டவர்களுக்கெல்லாம் நானும் இதையே சொன்னேன். என் எரிச்சலுக்குக் காரணம் அதுதான்.

செலவைக் குறை, சேமித்து வை, புதிதாக ஏதாவது கற்றுக்கொள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் யாரும் இல்லை.

காத்திருப்பதை முடிவாகவே நினைக்காதது

2008 ஆகஸ்டில் வளாகத் தேர்வில் ஒரு மென்பொருள் நிறுவனம் என்னை எடுத்தது. செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவால் மனு போட்டது. விடுதித் தொலைக்காட்சியில் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுப் பரோட்டா சாப்பிடக் கிளம்பினோம். யாரோ திவாலானால் நமக்கென்ன? 2009 ஜனவரி 7 அன்று சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் கணக்குப் புரட்டு வெளியே வந்தபோதுதான் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. என்னை எடுத்தது வேறு நிறுவனம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

மே மாதம் படிப்பு முடிந்தது. ஜூலையில் கோவை கணபதியில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் வடிவமைப்புப் பிரிவுக்குக் கூப்பிட்டார்கள். மாதம் 6,500 ரூபாய். இத்தனை ஆண்டு விலகமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கும் பாண்ட் கிடையாது, விலகுவதானால் ஒரு மாத நோட்டீஸ். நான் போகவில்லை. போய்ச் சேர்ந்த மறுவாரமே பெரிய நிறுவனத்தின் கடிதம் வந்துவிட்டால்?

வந்தால் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். அவ்வளவுதான் விஷயம். நான்கு ஆண்டு பொறியியல் படித்தவனுக்கு இந்தக் கணக்கு வரவில்லை. வீட்டிலும் யாருக்கும் வரவில்லை. சேர்வது திரும்பி வரக்கூடிய முடிவு. காத்திருந்து போன மாதங்கள் திரும்பி வராது. நான் அதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருந்தேன்.

பதினாறு மாதம் போனது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின்னஞ்சல் வரும்: "உங்கள் பொறுமைக்கு நன்றி." உறவினர்கள் அதையே வேறு சொற்களில் சொன்னார்கள்: பையன் எவ்வளவு நிதானம், சின்னச் சம்பளத்துக்கு ஆசைப்படவில்லை பாருங்கள். பாராட்டு விழும் இடத்தில் நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. கல்விக்கடன் மட்டும் யாரையும் பாராட்டவில்லை. அன்றைய விதிப்படி படிப்பு முடிந்து ஓராண்டு அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம், இரண்டில் எது முன்னதோ அப்போது தவணை தொடங்கும். அதுவரை வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். 2010 ஜூனில் முதல் தவணையை அப்பா கட்டினார்.

செப்டம்பரில் கடிதம் வந்தது, ஒரு தேர்வும் கூடவே வந்தது. தேறினால்தான் சேரலாம். பதினாறு மாதம் நிரல் ஒன்றைக்கூடத் தொடாதவன் எப்படித் தேறுவான்? தேறவில்லை. நான் விட்ட பம்ப் வேலையில் சேர்ந்த வகுப்புத் தோழன் அதற்குள் வார்ப்புப் பட்டறையில் எங்கே பிசகும், வரைபடத்தில் எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்தவனாகியிருந்தான். அவன் ஒன்றும் கோடீஸ்வரனாகிவிடவில்லை. "படிப்பு முடிந்ததிலிருந்து என்ன செய்தீர்கள்?" என்று நேர்முகத்தில் கேட்டால் அவனிடம் பதில் இருந்தது, அவ்வளவுதான். என்னிடம் இல்லை.

இதில் இன்னும் மனத்தை அறுப்பது வேறொன்று. அப்பா பல்லடம் பக்கத்து மானாவாரி விவசாயி. ஆடி மழையை நம்பி நிலக்கடலை விதையை உடைத்து வைத்திருப்பார். ஆவணி முடிந்தும் மழை ஏமாற்றினால் அந்தப் பருப்பை அளந்து விற்றுவிட்டு, புரட்டாசியில் கிடைக்கிற ஈரத்துக்குக் கொள்ளைத் தெளித்துவிடுவார். கொள்ளுக்கு விலை கிடையாது என்று அவருக்குத் தெரியும். காடு சும்மா கிடக்காது, மாட்டுக்குத் தீனியாகப் பொட்டாவது மிஞ்சும் என்பதும் தெரியும். வானத்தோடு அவர் ஒருநாளும் தேதி வைக்காமல் காத்திருந்ததில்லை. அதே மனிதர்தான் என்னிடம், "பெரிய கம்பெனி, விட்டுவிடாதே கண்ணு" என்றார். அச்சடித்த கடிதம் மழையைவிட நம்பகமானது என்று எண்ணிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் அவருடைய காட்டிலேயே வளர்ந்தவன்தானே?

2022-இல் படித்து முடித்தவர்கள் பலருக்கும் இதே கதை நடந்தது. கடிதம் வந்தது, சேரும் நாள் ஓராண்டுக்கும் மேல் தள்ளிப்போனது. தனியார் நிறுவனம் என்றில்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு 2019 செப்டம்பர் 1 அன்று நடந்தது. அடுத்தது 2022 ஜூலை 24 அன்று. நடுவில் கொரோனா, அதோடு அரசு ஊழியர் ஓய்வு வயதும் 2020-இல் 59, 2021-இல் 60 என்று இரண்டு முறை ஏறியது. அறிவிப்பு இந்த ஆண்டு கட்டாயம் வரும் என்று, இருந்த வேலையை விட்டுவிட்டு அறை எடுத்துப் படித்த மாணவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய உழைப்பில் குறையில்லை. வேலையில் இருந்துகொண்டே படித்திருந்தாலும் அந்தத் தேர்வு அதே நாளில்தான் வந்திருக்கும்.

காத்திருக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில சமயம் காத்திருப்பதுதான் சரி. ஆனால் அதற்கு ஒரு தேதி வேண்டும், அந்தத் தேதியைக் காத்திருக்கத் தொடங்கும் முன்பே குறித்துவிட வேண்டும். எட்டு மாதம் காத்திருந்தவனிடம் போய்த் தேதி குறிக்கச் சொன்னால் இன்னும் இரண்டு மாதம் என்பான். பத்தாவது மாதத்தில் கேட்டாலும் அதையேதான் சொல்வான். இவ்வளவு நாள் இருந்துவிட்டு இப்போதா விடுவது என்று தோன்றும். காந்திபுரத்தில் ஒரு மணி நேரம் நின்றவன், வேறு வழியாகப் போகும் பஸ்ஸில் காலியிடம் இருந்தாலும் ஏறமாட்டான்.

அதனால் மாணவர் வந்தால் முதலில் ஒரு வெள்ளைத் தாளை நீட்டுகிறேன். எந்தத் தேதி வரை காத்திருப்பாய், அதுவரை காலை ஒன்பது மணியிலிருந்து என்ன செய்வாய், அந்தத் தேதியில் கடிதம் வராவிட்டால் எந்த வாசலுக்குப் போவாய் என்று எழுதச் சொல்கிறேன். இரண்டாவதில்தான் எல்லாரும் திணறுவார்கள். இடைக்கால வேலை கிடைத்தால் சேர் என்றும் சொல்கிறேன். அதில் பார்க்க வேண்டியது சம்பளத்தை அல்ல, வெளியே வரும் வழியை: எத்தனை நாள் நோட்டீஸ், பாண்ட் உண்டா, அசல் சான்றிதழைக் கேட்கிறார்களா? அசலை வாங்கி வைத்துக்கொள்ளும் இடம் என்றால் பத்தாயிரம் கூடக் கொடுத்தாலும் போகாதே.

வேலை மாறும்போதும் போகும்போதும் பி.எஃப். பணத்தை வழித்தெடுப்பது

நானும் எடுத்தேன், 2013-இல், ஒரு பைக்குக்காக. ஐந்தாண்டுத் தொடர் பணிக்கு முன்னால் எடுத்தால் வரி உண்டு என்று அப்போது தெரியாது. ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணி வேண்டும், ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அதுவரை சேர்ந்த ஆண்டுகள் கணக்கிலிருந்து போய்விடும் என்பதும் தெரியாது. இப்போது யு.ஏ.என். இருக்கிறது, எந்த நிறுவனம் மாறினாலும் மாறாத பி.எஃப். எண்; கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டால் ஆண்டுகள் தொடரும். அடுப்பு எரியவில்லை என்றால் எடுங்கள், அதற்குத்தான் அது. கையில் கொஞ்சம் இருக்கட்டுமே என்று எடுக்காதீர்கள். கையில் இருப்பது இருக்காது.

சம்பளம் ஏறிய மாதமே வீடு வாங்குவது

2021-இல் வேலை மாறி இரட்டைச் சம்பளம் வாங்கிய என் மாணவர்கள் சிலர், வட்டி இவ்வளவு குறைந்து பார்த்ததே இல்லை என்று வீட்டுக்கடன் எடுத்தார்கள். உண்மைதான், குறைவாகத்தான் இருந்தது. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. 30 லட்சம் ரூபாய், 20 ஆண்டு, 7 சதவீதம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 23,260. வட்டி 9.5 ஆனால் 27,960. தவணையை ஏற்றாமல் ஆண்டுகளை நீட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தவர்களுக்குக் கட்டிய தவணை கிட்டத்தட்ட முழுதும் வட்டிக்கே போனது. அதே சமயத்தில் நிறுவனங்கள் ஆட்குறைப்பையும் தொடங்கின.

என் பார்வையில் கடன் தவறில்லை. ஏறிய சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டதுதான் தவறு. பழைய சம்பளத்தில் தவணை கட்ட முடியுமா என்று பாருங்கள்; முடியாதென்றால் ஓராண்டு தள்ளிப்போடுங்கள். "வாடகை வீணாகப் போகிறதே" என்பார்கள். ஆட்குறைப்புக் கடிதம் வந்த அன்று பெங்களூருக்கு உடனே கிளம்ப முடிந்தது வாடகை வீட்டில் இருந்தவர்தான்.

பயந்துபோய் மேற்படிப்புக்குள் ஒளிவது

படிக்க ஆசை என்றால் படியுங்கள். ஒளிய இடம் என்றால், இரண்டாண்டு கழித்து அதே சந்தைக்கு இன்னொரு கடனோடு வருவீர்கள்.

அம்மா அப்பாவின் மருத்துவக் காப்பீட்டை நிறுவனத்திடமே விட்டுவைப்பது

வேலை போன அன்று அந்தக் காப்பீடும் போகும். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்றாண்டு வரை இருக்கலாம். சர்க்கரை நோயாளியான தாய்க்கு மூன்றாண்டு என்பது நீண்ட காலம். வேலை நன்றாக இருக்கும்போதே தனியாக ஒன்று எடுத்துவிடுங்கள்.

கோபத்தில் ராஜினாமா

திங்கள்கிழமை வரை பொறுங்கள்.

இன்னொருவர் தேதியைக் கடன் வாங்குவது

சென்ற ஆண்டு ஒரே நிறுவனத்தின் கடிதத்தோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தாளில் டிசம்பர் 15 என்று எழுதினார். மற்றவர் எட்டிப் பார்த்துவிட்டு அதையே எழுதினார். முதலாமவருக்குத் திருப்பூரில் சொந்தக் கடை, அப்பா நன்றாக நடத்துகிறார். இரண்டாமவர் வீட்டில் என்ன நிலைமை என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்து, வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு எழுது என்று அனுப்பினேன்.

மறுநாள் வந்தார். டிசம்பர் அடிக்கப்பட்டு அக்டோபர் 30 என்று மாறியிருந்தது. "ஏனப்பா?" என்றேன்.

"அம்மாவின் சங்கிலி கூட்டுறவு வங்கியில் இருக்கிறது சார். நவம்பரில் திருப்ப வேண்டும். எனக்கு இதுவரை சொல்லவில்லை."