இருமினால் கசிகிறதா? ஆபரேஷனுக்குத் தலையாட்டும் முன்

தக்காளிக் கூடையைத் தூக்கும்போதோ, குடத்தை இடுப்பில் ஏற்றும்போதோ, தும்மினாலோ சிறுநீர் கசிந்து சேலை நனைந்தால் "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். இதற்கு வைத்தியம் இருக்கிறது.

முதலில் எந்தக் கசிவு என்று பாருங்கள். இருமல், தும்மல், பாரம் தூக்கும்போது மட்டும் வந்தால்தான் இந்த ஆபரேஷன். திடீரென முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறைக்குப் போவதற்குள் போய்விட்டால் அது வேறு, அதற்கு முதலில் பயிற்சியும் மாத்திரையும்தான். மூன்று நாள் என்ன குடித்தீர்கள், எப்போது போனீர்கள், என்ன செய்யும்போது கசிந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் மகப்பேறு ஓ.பி.யில் அந்த நோட்டையே நீட்டுங்கள். சிறுநீரை அடக்கிக்கொண்டு போங்கள், பை நிறைந்திருக்கும்போது இருமச் சொல்லித்தான் பார்ப்பார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் மூன்று மாதம் இடுப்புத்தளப் பயிற்சி: சிறுநீரை அடக்குவதுபோல் உள்ளே இறுக்கி விட வேண்டும், ஒரு வேளைக்கு எட்டு முறை, நாளைக்கு மூன்று வேளை. பலருக்கு இதிலேயே குறைந்துவிடும்.

குறையவில்லையா, சரி. அதிகம் செய்யும் ஆபரேஷன் டி.வி.டி (TVT), டி.ஓ.டி (TOT) எனும் நாடா: சிறுநீர் வெளியேறும் குழாய்க்கு அடியில் தூளி கட்டுவதுபோல் ஒரு பாலிபுரோப்பிலீன் வலைப்பட்டையை வைப்பார்கள். சின்ன ஆபரேஷன்தான், ஆனால் அந்த வலை உடம்புக்குள்ளேயே நிரந்தரமாக இருக்கும். சிலருக்கு அது உள்ளே அரித்து வெளியே தெரியும், தீராத வலியும் வரலாம். இதனால்தான் இங்கிலாந்தில் 2018ல் இதை நிறுத்திவைத்தார்கள். உங்கள் வயிற்றுத் தசையின் சவ்விலிருந்தே எடுத்து வைக்கும் முறையும், பர்ச் எனும் தையல் முறையும் உண்டு, அவற்றில் ஆறக் கொஞ்சம் நாளாகும். "எனக்கு வைப்பது வலையா, என் சவ்வா? இதுவரை எத்தனை பேருக்குச் செய்தீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. இன்னும் பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் தள்ளிப்போடச் சொல்வார்கள். காப்பீட்டு அட்டையில் வருமா என்று கவுண்டரில் விசாரியுங்கள்.

அப்புறம் ஆறு வாரம் குடம், விறகு, மூட்டை எதையும் தொடக்கூடாது, தாம்பத்தியமும் வேண்டாம். இதை ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் மாமியார், கணவர் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசி, தண்ணீர் யார் எடுப்பது என்று முடிவு செய்யுங்கள். சிறுநீர் போகாமல் அடைத்தால், காய்ச்சல் வந்தால், நாற்றத்தோடு வெள்ளைப்பட்டால், இரத்தம் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போங்கள்.