மதக்குழுவின் பிடியில் இருப்பவரை மீட்க: வாக்குவாதம் வேண்டாம், தொடர்பு அறுபடவும் வேண்டாம்

வீட்டில் ஒருவர் புதிதாக ஒரு மதக்குழுவில் சேர்ந்து ஆளே மாறிவிட்டாரா? குழு எதை நம்புகிறது என்பதைப் பிறகு பார்க்கலாம். ஆளை எப்படி நடத்துகிறது என்று முதலில் பாருங்கள். விநோதமான நம்பிக்கையோடு யாருக்கும் தீங்கில்லாமல் இயங்கும் குழுக்கள் பல உண்டு. ஊரறிந்த வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டே மனிதரை நசுக்கும் குழுக்களும் உண்டு. தூக்கம், சாப்பாடு, பணம், வெளியாட்களோடு பேச்சு: இவற்றுக்கு அவர் யாரிடமாவது அனுமதி கேட்கிறாரா? இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று, விட்டுப்போனவர்களைப் பற்றி அங்கே என்ன சொல்கிறார்கள் என்பது. "அவங்களுக்கு ஒத்துவரல, போயிட்டாங்க" என்றால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். "துரோகி, குடும்பமே நாசமாப் போச்சு" என்றால் உஷாராகுங்கள்.

பிடி ஒரே நாளில் இறுகுவதில்லை. ஆரம்பத்தில் பாராட்டும் அரவணைப்பும்தான். அடுத்து நேரம் பறிபோகும்: விடியற்காலைப் பிரார்த்தனை, நள்ளிரவுக் கூட்டம், நடுவே சேவை. தூக்கம் கெட்டவருக்கு எதையும் நிதானமாக எடைபோடத் தெம்பிருக்காது. பிறகு எல்லார் முன்னும் பாவ அறிக்கை. அங்கே கொட்டிய ரகசியமே, விலக நினைக்கும்போது கழுத்துக் கயிறாகிறது. கடைசியில் சந்தேகத்துக்கே வேறு பெயர் வைத்துவிடுவார்கள்: அகங்காரம், விசுவாசக் குறைவு, தீய ஆவி. அதன்பின் காவலுக்கு ஆள் வேண்டாம். சந்தேகம் தலைதூக்கினால் ஜெபத்தாலோ மந்திரத்தாலோ அவரே அதை அமுக்கிக்கொள்வார்.

இது உடைக்கவே முடியாத வசியமும் இல்லை. கொரியாவைச் சேர்ந்த சன் மியுங் மூன் தொடங்கிய மதக்குழுவான மூன் இயக்கத்தைப் பிரிட்டனில் ஆராய்ந்த சமூகவியலாளர் ஐலீன் பார்க்கர், அறிமுக முகாமுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் சேரவில்லை என்றும், சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் இரண்டு ஆண்டுகளுக்குள் தாமாகவே விலகினர் என்றும் 1984இல் காட்டினார்.

கொள்கையை வைத்து வாதாடாதீர்கள். 1954 டிசம்பர் 21 அன்று பெருவெள்ளம் வரும், விண்கலம் வந்து தங்களைக் காப்பாற்றும் என்று அமெரிக்காவில் ஒரு சிறு குழு காத்திருந்தது. எதுவும் நடக்கவில்லை. அடுத்து நடந்ததாக, குழுவுக்குள் இருந்து கவனித்த ஆய்வாளர்கள் எழுதியது இது (பின்னாளில் இதை மறுத்தவர்களும் உண்டு): ஒன்றாகக் கூடியிருந்தவர்களில் பலர், எங்கள் பக்தியால்தான் உலகம் தப்பியது என்று முன்னைவிட வேகமாகப் பிரசாரத்தில் இறங்கினர். அந்த நேரத்தில் தனித்தனியாக வீட்டில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு நம்பிக்கை தளர்ந்தது. கண்ணெதிரே பொய்த்த வாக்கே அசைக்காத ஆளை உங்கள் வாதம் அசைக்காது. குழுவுக்கு வெளியே அவர் கழிக்கும் நேரம் அசைக்கும்.

ஆகவே வாரம் ஒரு போன், அதே கிழமை, அதே நேரம், பத்து நிமிடம் போதும். குழுவில் சேருமுன் அவருக்குப் பிடித்திருந்ததைப் பேசுங்கள்: பாட்டு, விளையாட்டு, பழைய நண்பர்கள். "எப்ப வெளிய வருவே?" என்று கேட்டால் அடுத்த வாரம் போனை எடுக்கமாட்டார். "நேத்து எத்தனை மணிக்குத் தூங்கினே?" என்று கேட்கலாம். "அங்க ஏதாவது ஒண்ணு பிடிக்கலைன்னா யார்கிட்ட சொல்லுவே?" என்றும் கேட்கலாம். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதில் வராவிட்டாலும் கேள்வி உள்ளே தங்கும்.

ரொக்கமாக ஒரு காசும் தரவேண்டாம், காணிக்கைக்குத்தான் போகும். பயணச்சீட்டையோ மருந்தையோ நீங்களே வாங்கிக் கொடுங்கள். கடனுக்கு ஜாமீன் போடாதீர்கள். அடையாள அட்டை, சான்றிதழ், சொத்துப் பத்திரங்களின் நகல் உங்களிடம் இருக்கட்டும்.

ஆளைத் தூக்கிவந்து அடைத்துவைத்து மனம் மாற்றும் முறை 1970களில் அமெரிக்காவில் பரவியது. அது குற்றம். வீட்டாரே எதிரிகள் என்று குழு சொன்னதை நீங்களே மெய்ப்பிப்பதாகவும் ஆகிவிடும். ஆனால் குழந்தைக்கு ஆபத்து, அடி உதை, பாலியல் அத்துமீறல், மருந்தை நிறுத்தச் சொல்வது என்று வந்தால் பொறுமைக்கு இடமில்லை. உடனே போலீசுக்குப் போங்கள்.

வெளியே வந்தபின் பல மாதங்கள் தடுமாறுவார். என்ன உடுப்பது என்று தீர்மானிக்கவே திணறலாம். பழைய பஜனைப் பாட்டோ ஜெப வாசகமோ காதில் விழுந்தால் மனம் சட்டென்று அங்கேயே போய்விடும். அப்போது உட்காரவைத்து, இன்று என்ன தேதி, எங்கே இருக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். "நான் அப்பவே சொன்னேனே" என்ற பேச்சே கூடாது. உடனே வேறொரு குருவிடமோ சபையிடமோ அழைத்துப் போகாதீர்கள். இத்தகைய குழுக்களைப் பற்றித் தெரிந்த மனநல ஆலோசகரைத் தேடுங்கள். பாவ அறிக்கையில் சொன்னதை வைத்துக் குழுவினர் மிரட்டினால் அந்தக் குறுஞ்செய்திகளை அழிக்காமல் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.