ஒரே பெயர், ஒரே வருஷம், வேறு ஆள்: குடும்ப வரலாறு தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை மாலைகளில், குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு ஜூமில் உதவி செய்கிறேன். மதுரை, சென்னை, பினாங்கு, டர்பன் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். பெரும்பாலோர் ஏதாவது ஓர் ஆன்லைன் வகுப்பை முடித்து, இணையத்தில் குடும்ப மரம் (வம்சாவளிப் படம்) தொடங்கி அதில் பத்து இருபது பேரை ஏற்றி, அப்புறம் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டவர்கள். போன மாதம் ஒருவர் தன் மரத்தைத் திரையில் காட்டியதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத்துப்பிழை பாருங்கள், நகல் எடுத்து வையுங்கள் என்பதையெல்லாம் எந்த வகுப்பிலும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

குடும்பப்பெயர் என்ற கட்டம்

ஆன்லைன் வகுப்புகளில் பல இங்கிலாந்து, அமெரிக்கக் குடும்பங்களை மனதில் வைத்து நடத்தப்படுபவை. முதல் பாடமே குடும்பப்பெயரை வைத்துத் தேடு என்பதுதான். நம்மவர்களும் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்று அப்பா பெயரைப் போட்டுவிடுகிறார்கள். அப்பாவுக்கு அவர் அப்பா பெயர். தலைமுறைக்குத் தலைமுறை ஒரு புதுக் குடும்பம் உண்டாகிறது. மென்பொருளும் சம்பந்தமில்லாத ஆட்களை உறவென்று காட்டுகிறது. கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். "இன்னார் மகன்" என்பதைக் குறிப்பில் எழுதுங்கள்.

கடல் தாண்டியவர்கள் கதை வேறு. சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று, இன்றைய தென்னாப்பிரிக்காவில் அன்று நேட்டால் என்ற பிரிட்டிஷ் காலனியில் இருந்த டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் தொடங்கிய நேட்டால் கப்பல் பட்டியல்களில் ஆள் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, கிராமம் எல்லாம் தனித்தனியாக இருக்கும். குடும்பப்பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. முதலி 'மூட்லி' ஆனதும், கவுண்டர் 'கோவெண்டர்' ஆனதும் அப்படித்தான். இன்றைய பெயரைப் போட்டு அந்தப் பட்டியலில் தேடினால் ஆள் அகப்படமாட்டார். ஒவ்வொருவருக்கும் கொடுத்த பதிவு எண் பழைய திருமணத் தாளிலோ வேறு காகிதத்திலோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாத்தாவைத் தேடுவது

தேடாதீர்கள். பெயர் போட்ட பட்டியல் நம் ஊருக்குக் கிடைக்காது. அந்த நேரத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்வரலாம்.

தாத்தாவையும் பேரனையும் ஓராளாக்குவது

இதைத்தான் சொல்ல வந்தேன்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். பெயர்களை மாற்றிச் சொல்கிறேன். ராமசாமி மகன் முத்துசாமி, அவர் மகன் ராமசாமி, அவர் மகன் மறுபடியும் முத்துசாமி. ஆக, தாத்தாவும் "ராமசாமி மகன் முத்துசாமி", பேரனும் "ராமசாமி மகன் முத்துசாமி". ஊர் ஒன்று, நிலம் ஒன்று, பத்திரத்தில் எழுதுகிற வாசகமும் ஒன்று.

இதோடு தமிழ் வருஷம் சேரும்போதுதான் வினை. பிரபவ முதல் அட்சய வரை 60 பெயர்கள். சுற்றி முடிந்தால் மறுபடி பிரபவ. தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடையே பல வீடுகளில் ஏறக்குறைய 60 வயது வித்தியாசம் இருக்கும். பெயரும் அதே, தகப்பன் பெயரும் அதே, வருஷமும் அதே! வீட்டில் அறுபதாம் கல்யாணம் நடத்துகிற நமக்கு இது தெரியாததில்லை. பழைய காகிதம் கைக்கு வந்த சந்தோஷத்தில் மறந்துவிடுகிறது.

எனக்கு வந்தது ஒரு பத்திரத்தின் இரண்டாம் தாள், போனில் எடுத்த படம். "தாது வருஷம் மாசி மாதம்" என்று தெளிவாக இருந்தது. ராமசாமி மகன் முத்துசாமி தன் மனைவி பெயருக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சையை எழுதிவைக்கிறார். தாது என்றதும் எனக்குத் தாது வருஷப் பஞ்சம்தான் நினைவுக்கு வந்தது, 1876 முதல் 1878 வரை நடந்தது. பஞ்சத்தில் நிலம் கைமாறிப் போகாமல் காப்பாற்ற மனைவி பெயருக்கு மாற்றியிருக்கிறார் என்று ஒரு கதையும் கட்டிவிட்டேன். மாசி என்பதால் 1877 என்று கவனமாகக் கணக்கும் போட்டேன். மனைவி பெயர் மட்டும் நான் அறிந்த பெயராக இல்லை. சரி, இரண்டாம் தாரம் என்று முடிவுகட்டி, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஒரு பொது மரத்தில் ஏற்றினேன். அங்கே ஏற்கெனவே இருந்த இரண்டு முத்துசாமிகளையும் ஓராளென்று இணைத்தேன்.

அடுத்த தாது வருஷம் 1936-ல் வந்தது. பத்திரம் 1937-ஐச் சேர்ந்தது. எழுதிக்கொடுத்தவர் பேரன்.

பல மாதம் கழித்து, முதல் தாள் வைத்திருந்த சித்தப்பா வீட்டுக்குப் போனேன். மடித்த இடமெல்லாம் கிழிந்து, ஓரம் பழுப்பேறிய முத்திரைத்தாள். மேலே விக்டோரியா ராணியின் தலை இருக்கும் என்று நினைத்து விரித்தேன். தாடி வைத்த ராஜாவின் தலை இருந்தது. அந்த ஒரு படம் போதும்.

அதற்குள் பினாங்கிலிருந்த உறவினர் ஒருவர் என் மரத்தைப் பார்த்து வம்சாவளிப் புத்தகம் அச்சடித்து, குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்தில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டார். அதில் என் அத்தையின் அம்மா, தன் புருஷனுடைய தாத்தாவுக்கு இரண்டாம் தாரமாக அச்சாகியிருந்தார். அத்தை என்னைத் திட்டவில்லை. "எங்கம்மாவ ஏம்ப்பா இப்படிப் போட்ட?" என்று மட்டும் கேட்டார். மரத்தைப் பிரித்துச் சரிசெய்ய நான்கு மாதம் ஆனது. வேறு மூன்று பேர் தங்கள் மரங்களுக்கு நகல் எடுத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் இன்றுவரை மாற்றவில்லை. அத்தையின் புத்தகத்தில் மட்டும் என் கையால் அடித்துத் திருத்திக் கொடுத்தேன். நினைத்தால் இப்போதும் என் மேல் ஆத்திரம் வருகிறது.

ஆகவே தமிழ் வருஷம் மட்டும் போட்ட காகிதம் வந்தால், 60 வருஷம் முன்னும் பின்னும் வைத்துப் பாருங்கள். முத்திரைத்தாளில் யார் தலை என்று பாருங்கள். நெல்லை, குமரிப் பக்கத்துக் காகிதமென்றால் கொல்லம் ஆண்டும் (மலையாள ஆண்டு) இருக்கலாம். ஜனவரியிலிருந்து ஆடி முடிய என்றால் 825, ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய என்றால் 824 கூட்டினால் ஆங்கில வருஷம் வந்துவிடும். நிலக் கணக்கில் பசலி என்ற நிலவரி ஆண்டு இருக்கும்; 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஜூலை எந்த வருஷம் என்று தெரியும்.

ஜாதகமென்றால் இன்னும் கவனம். குருவும் சனியும் 60 வருஷத்தில் சுற்றி வந்து அதே ராசியிலோ அடுத்ததிலோ நிற்கும். அவற்றை வைத்துத் தாத்தாவையும் பேரனையும் பிரிக்க முடியாது. ராகு ஒரு சுற்றுக்கு 18 வருஷத்துக்குச் சற்று மேல் எடுக்கும், அதனால் இரண்டு மூன்று ராசி தள்ளி நிற்கும். ராகுவைப் பாருங்கள்.

இரண்டு பேரும் ஓராள்தான் என்பதற்குப் பெயரைத் தவிர இரண்டு தனித்தனிச் சான்று கிடைக்கும்வரை இணைக்காதீர்கள். தனியாக நிற்கும் இருவரை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். சேர்த்தவர்களைப் பிரிப்பது பெரும்பாடு.

உதவி நேரத்துக்குக் கேள்வியில்லாமல் வருவது

ஒருவருக்கு 20 நிமிஷம்தான் ஒதுக்க முடிகிறது. "எங்க குடும்ப வரலாறு தெரியணும் சார்" என்று தொடங்கினால், யார் எவர் என்று கேட்டு முடிப்பதற்குள் நேரம் போய்விடும். "என் கொள்ளுத்தாத்தா 1920-க்கு முன்னால் எந்த ஊரில் இருந்தார்?" என்று ஒரு ஆள், ஒரு காலம், ஒரு கேள்வியோடு வாருங்கள். இதுவரை எங்கே தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் எழுதிக் கொண்டுவாருங்கள். எனக்கு அது மிகவும் பயன்படும்.

டிஎன்ஏ பரிசோதனைக்குப் பணம் கட்டுவது

மூலப்பத்திரத்தைப் படித்து முடித்த பிறகு.

பெரியவர்களிடம் அப்புறம் கேட்கலாம் என்பது

வகுப்பு அடுத்த மாதமும் நடக்கும். எண்பது வயது பெரியம்மாவை இந்த வாரமே போய்ப் பாருங்கள். பிறந்த தேதியைக் கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள், பலருக்குத் தெரியாது. அவர் அப்பாவுக்கு அந்தப் பெயரை யார் நினைவாக வைத்தார்கள் என்று கேளுங்கள். அந்த முன்னவரை வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்றும் கேளுங்கள். மாமனார் பெயரையே பேரனுக்கு வைத்திருப்பதால் அவனைப் பெயர் சொல்லி அழைக்காமல் "பெரியவரே", "சாமி" என்று கூப்பிட்ட மருமகள்கள் பல வீடுகளில் இருந்தார்கள். என் அத்தை வீட்டில் பேரன் முத்துசாமியை எல்லோரும் "சின்னையா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பத்திரத்தின் இரண்டாம் தாளில், சாட்சிக் கையெழுத்துக்கு மேலே, "சின்னையா என்கிற முத்துசாமி" என்று இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் விட்டிருந்தேன்.