உக்ரைனின் மக்களாட்சி வேர்கள்: எழுதும்போது சறுக்கும் இடங்கள்

உக்ரைனின் மக்களாட்சியை 1991-இல் தொடங்கிவைப்பதுதான் முதல் தவறு. சோவியத் உடைந்தது, தேர்தல் வந்தது, கதை அவ்வளவுதான் என்று முடித்துவிடுகிறோம்.

1068-இல் பொலோவ்ட்சியர் என்ற புல்வெளி நாடோடிகளிடம் படை தோற்றதும் கீவ் மக்கள் சந்தையில் கூடினார்கள். மறுபடி போரிட ஆயுதமும் குதிரையும் தரும்படி இளவரசர் இசியாஸ்லாவிடம் கேட்டார்கள். அவர் மறுத்தார். உடனே சிறையிலிருந்த வேறொரு இளவரசரை விடுவித்து ஆட்சியில் அமர்த்திவிட்டார்கள். இசியாஸ்லாவ் போலந்துக்கு ஓடினார். இப்படிக் கூடும் கூட்டத்துக்கு ‘வீச்சே’ என்று பெயர்.

அதற்காக வீச்சேயை நாடாளுமன்றம் என்று எழுதிவிடக் கூடாது. அங்கே குரல் சுதந்திர ஆண்களுக்குத்தான், அடிமைகளுக்கு இல்லை.

அப்புறம் கொசாக்குகள், அதாவது புல்வெளி எல்லையில் வாழ்ந்த சுதந்திரப் போர்வீரர்கள். அவர்களின் கோட்டை முகாமான ஜபரோஷியா சிச்சில் முரசு கொட்டிக் கூட்டம் கூட்டுவார்கள். தலைவரை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். புதிய தலைவரின் தலையில் மூத்த கொசாக்குகள் மண்ணை அள்ளி வைப்பது வழக்கம். பதவி ஏறும் நாளிலேயே ஒருவரை இப்படித் தரையோடு சேர்த்துப் பிடித்து வைத்த அந்தக் கைப்பிடி மண், எந்தச் சட்டப் பிரிவையும்விட எனக்கு அதிகம் சொல்கிறது. சிச்சுக்குள் பெண்களுக்கு அனுமதி கிடையாது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். 1775-இல் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் சிச்சை அழித்தார்.

ஆனால் கொசாக்குகளோடு நின்றுவிட்டால் நகரங்கள் விடுபட்டுப் போகும். பலரும் சறுக்குவது இங்கேதான். 1356-இல் லிவிவ் நகரம் மக்டபர்க் உரிமை பெற்றது; ஜெர்மானிய நகரச் சட்டத்தின்படி தன்னைத் தானே ஆளும் உரிமை அது. நகர சபை, சொந்த நீதிமன்றம் எல்லாம் அதில் அடக்கம். கீவுக்கு அது 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிடைத்தது. எல்லோருக்கும் சமமாகக் கிடைத்ததா என்றால், இல்லை. லிவிவில் கத்தோலிக்கர் கை ஓங்கியிருந்தது. உக்ரைனியரின் முன்னோரான ஆர்த்தடாக்ஸ் ருத்தேனியர் பெரும்பாலும் ஒரு தெருவுக்குள் ஒதுக்கப்பட்டார்கள்.

கொசாக்குகளின் ஹெட்மன் (தலைவர்) பிலிப் ஓர்லிக்கின் 1710 சாசனத்தை ‘உலகின் முதல் அரசியலமைப்பு’ என்று பகிர்வதும் வேண்டாம். 1709-இல் பொல்தாவா போரில் ரஷ்யாவிடம் தோற்ற பின், நாடுகடந்து, அன்று ஒட்டோமான் ஆட்சியிலிருந்த பெண்டர் நகரில் எழுதியது அது. பெரும்பகுதி நடைமுறைக்கே வரவில்லை. ஹெட்மன் தன்னிச்சையாக முடிவெடுக்கக் கூடாது, பொதுச்சபை ஆண்டுக்கு மூன்று முறை கூட வேண்டும், பொதுக் கருவூலம் அவர் கையில் இருக்கக் கூடாது என்று அது சொன்னதே போதுமான பெருமை.

கடைசியாக ஒரு சொல்: ‘ஹ்ரொமாதா’. ஊர்ச் சமூகத்தைக் குறித்த இந்தப் பழைய சொல்லே இன்றைய உள்ளாட்சி அலகுக்கும் பெயர். 2020 சீர்திருத்தத்துக்குப் பின் சுமார் 1,470 இருக்கின்றன. அதைக் ‘கிராமப் பஞ்சாயத்து’ என்று மொழிபெயர்த்தால் பாதிதான் சரி. ஒரு நகரமும் சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்தே ஒரு ஹ்ரொமாதா ஆகலாம்.