நாலு மணித் தேத்தண்ணிக்கு வாழைப்பழ ரொட்டி

தோட்டத்து டவுன்களில் சாயங்காலம் நாலு மணிக்கு வயிறு கேட்பது சோறு அல்ல, தேத்தண்ணியோடு தின்ன இனிப்பாக ஏதாவது ஒன்று. சுட்ட ரொட்டி, அதன்மேல் கெட்டியான சந்தான் (தேங்காய்ப்பால்), வாட்டிய வாழைப்பழம், குலா மலாக்கா (தென்னை வெல்லம்) பாகு என்று அடுக்கினால் அரை மணி நேரத்தில் நான்கு பேர் பசியாறலாம். இது கெடுவதென்றால் பெரும்பாலும் ஈரத்தால்தான் கெடும். ரொட்டி ஊறிவிட்டால் மற்றது எவ்வளவு ருசியாக இருந்தாலும் பயனில்லை.

கடையில் துண்டு போட்டு விற்கும் ரொட்டி மெல்லியது, பழத்தின் கனம் தாங்காது. முழு ரொட்டியாகவோ, கிடைத்தால் பெங்காளி ரொட்டியாகவோ வாங்கி 2 சென்டிமீட்டர் கனத்தில் நான்கு துண்டு வெட்டுங்கள். நேற்றைய ரொட்டி இன்னும் நல்லது.

முதலில் பாகு. 100 கிராம் குலா மலாக்காவைச் சீவி, 50 மில்லி தண்ணீர், முடிச்சுப் போட்ட ஒரு பண்டான் இலை, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துச் சிறு தீயில் கரையுங்கள். தூசி துரும்பு இருக்கும், கட்டாயம் வடிகட்ட வேண்டும். வடித்ததை மறுபடி நான்கைந்து நிமிடம் கொதிக்கவிட்டு, கரண்டியின் முதுகில் மெல்லப் படியும்போதே இறக்கிவிடுங்கள். அடுப்பில் தண்ணியாகத் தெரிந்தாலும் ஆறினால் இறுகும். தேன் மாதிரி ஆகட்டும் என்று காத்திருந்தால் ஆறியபின் கரண்டியே எழாது. அப்படி ஆகிவிட்டால் ஒரு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டுச் சூடாக்கினால் இளகும்.

அடுத்து சந்தான். 100 மில்லி கெட்டிச் சந்தானில் (பெட்டியில் வருவதே போதும்) ஒரு தேக்கரண்டி சோளமாவை அடுப்பில் வைக்குமுன்பே கட்டியில்லாமல் கரைத்து, உப்பு ஒரு சிட்டிகை போடுங்கள். சிறு தீயில் கை விடாமல் கிண்டினால் மூன்று நான்கு நிமிடத்தில் கெட்டிப்படும். தளதளவென்று கொதித்தால் எண்ணெய் பிரிந்துவிடும். இதில் சீனி வேண்டாம். பாகின் இனிப்புக்கு எதிராக இந்த உப்புக்கரிப்பு நிற்க வேண்டும். நன்றாக ஆறவையுங்கள்.

ரொட்டியைத் தோசைக்கல்லில், எண்ணெய் இல்லாமல், சிறு தீயில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் சுடுங்கள். தீயைக் கூட்டினால் வெளியே சிவந்து உள்ளே ஈரம் தங்கிவிடும். சுட்டதைத் தட்டில் படுக்க வைத்தால் அடியில் ஆவி அடைந்து நமத்துப்போகும். இரண்டிரண்டாகக் கூரை மாதிரி சாய்த்து நிறுத்துங்கள். ஒரு நிமிடம் கழித்து, சூடு தணிந்த பிறகு, விளிம்பு வரை பட்டர் தடவுங்கள். கொதிக்கும் சூட்டில் தடவிய பட்டர் முழுக்க உள்ளே இறங்கிவிடும்; மேலே படலமாகத் தங்கினால்தான் பழச்சாறு ரொட்டிக்குள் போகாது.

பழத்துக்குப் பிசாங் பெராங்கான் என்ற வாழைப்பழ இரகம் நான்கு. தோல் முழு மஞ்சளாக, ஒன்றிரண்டு புள்ளியோடு இருந்தால் சரி. கறுத்த பழம் சட்டியில் கூழாகிவிடும். சாய்வாக 1 சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, ஒரு மேசைக்கரண்டி பட்டரில், நடுத்தரத் தீயில் பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் வாட்டுங்கள். இடையில் கிளறாதீர்கள், நசுங்கிவிடும். அடுப்பை அணைத்த பிறகே இரண்டு கரண்டி பாகு ஊற்ற வேண்டும். முன்பே ஊற்றினால் பழம் நீர் விடும், பாகும் அடிப்பிடித்துக் கசக்கும்.

ரொட்டிமேல் சந்தான், அதன்மேல் பழம், கடைசியாகக் கொஞ்சம் பாகு, வறுத்த எள். அடுக்கியதும் தின்றுவிட வேண்டும். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வர நேரமானால் எல்லாவற்றையும் தனித்தனியாக வையுங்கள்.

வாழைப்பழம் இல்லாத நாளில் பலாச்சுளை நல்ல மாற்று. சாறு குறைவு, அடுப்பும் தேவையில்லை, மெல்லியதாகக் கீறிப் போட்டால் போதும். பப்பாளி நீர் விட்டுக்கொண்டே இருக்கும், அதை விட்டுவிடுங்கள். அன்னாசி என்றால் மலேசிய விவசாய ஆய்வுக் கழகமான மார்டி 1996-இல் வெளியிட்ட ஜோசபின் இரகம் இதற்கு அருமை. ஆனால் பச்சையாக வைத்து டின்பால் ஊற்றாதீர்கள். அன்னாசியில் உள்ள புரோமெலின் என்ற நொதி பாலின் புரதத்தை உடைப்பதால் சற்று நேரத்தில் கசப்பு ஏறும். ஐந்து நிமிடம் நன்றாகச் சூடேற வதக்கினால் அந்த வேலை நின்றுவிடும், சாறும் வற்றும்.

கூடவே குடிக்க தே ஓ கோசோங் (பால், சீனி இல்லாத தேத்தண்ணி) பொருந்தும். மிஞ்சிய பாகைப் போத்தலில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் வரும். சந்தானை மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள்.